கண்டெடுத்த பொருள்கள் பதிவேடு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பத்தொன்பது பாத்திரங்கள் வரும். நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சான்றிதழ் வாங்குவதற்காக அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். (ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதை நிரூபிக்க வேண்டும். நேரில் போய் நின்றால் மட்டும் போதாது. நின்றதற்கு ஒரு தாளும் வேண்டும்.) வரிசை நகரவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறை திறந்து கிடந்தது. உள்ளே குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிக் கூடுகள், ஒரு ஹெல்மெட். அவற்றின் நடுவே ஓர் அலுமினியப் பாத்திரம். அதன் பிடியில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் 'காலி' என்று எழுதியிருந்தது.

காவலாளியிடம் கேட்டேன்.

"யாரோ படியில வச்சுட்டுப் போனதுங்க. தேடி யாரும் வரல."

"அப்புறம் ஏன் வச்சிருக்கீங்க?"

"பாத்திரத்தைத் தூக்கிப் போட மனசு வருமா?"

அவ்வளவுதான். அந்த மனசுதான் இந்தக் கதைக்கு விதை. மீதியெல்லாம் என் வேலை. ஆண்டவன் எதைச் செய்தாலும் இப்படிப்பட்ட சின்னக் கைகளைக் கொண்டுதான் செய்கிறான் என்று நம்புகிற ஆள் நான். அந்த நம்பிக்கைக்கு இந்தக் கதையில் ஓர் அடி விழப்போகிறது. முன்பே சொல்லிவைக்கிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

2

தொடக்கங்கள்.

'ஏரியின் மேல் காலை வெயில் உருக்கிய' – அடித்துவிட்டேன். ஏரிக்கு என் உவமை தேவையில்லை. அது நான் பிறப்பதற்கு முன்பே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

'ஒரு நிலத்தின் ஆதிக்குடிகள் யார் என்று முடிவு செய்யும் அதிகாரம், அந்த நிலத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்களிடமே' – இதுவும் போயிற்று. வாக்கியம் மோசமில்லை, மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் என் கதையில் இப்படிப் பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை.

மூன்றாவது இப்படி ஆரம்பிக்கிறது: காகிதம் சிக்கிக்கொண்டது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

காகிதம் சிக்கிக்கொண்டது. ஜெராக்ஸ் கடைப் பெண் இயந்திரத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சூடாக இருந்த உருளையில் விரல் படாமல், விசிறி மடிப்பாக மடங்கிப்போயிருந்த தாளை மெல்ல இழுத்து எடுத்தாள். வேகமாக இழுத்தால் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும்; அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை. எதிரே அரசு அலுவலகம். அதன் படிகளைப் பார்த்தபடிதான் அவள் இயந்திரம் நிற்கிறது. யார் எந்தப் படிவத்தோடு வந்தாலும், கையில் வாங்கும் முன்பே எத்தனை நகல், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று சொல்லிவிடுவாள்.

"முகம் கறுப்பா விழுந்திருக்கேம்மா" என்றார் ஒருவர், தன் அடையாள அட்டையின் நகலைப் பார்த்து.

"மெஷினுக்குப் புகழத் தெரியாதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தபோதுதான், அவருக்குப் பின்னால் வெயிலில் நின்றிருந்த தன் மாமியாரைப் பார்த்தாள். கூடக் கரைக்காரர்கள் நான்கு பேர்.

"எப்போ வந்தீங்க அத்தை?"

"வந்தாச்சு."

"ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதானே? இப்படி வெயில்ல நிக்கறீங்க."

"கண்ணு இருக்கறவங்களை எதுக்குக் கூப்பிடணும்?"

(இவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது கரை மொழி. அலுவலக மொழி வேறு. இரண்டையும் நான் ஒரே தமிழில்தான் எழுதுகிறேன். அலுவலகத்துக்குள் போனபின் மருமகள்தான் இரண்டுக்கும் பாலம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஏரிக்கரையில் நாற்பத்துமூன்று வீடுகள். நாணல் அறுப்பதும் மீன் பிடிப்பதும் தொழில். ஏரியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தாயிற்று. வேலிக்கான கம்பங்கள்கூட வந்து இறங்கிவிட்டன. ஏரியின் ஆதிக்குடிகள் என்று அங்கீகாரம் பெற்றவர்கள் அங்கேயே இருக்கலாம். மற்றவர்கள் நகரத்துக்கு அப்பால் கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளுக்குப் போக வேண்டும். யார் ஆதிக்குடி என்று முடிவு செய்ய விசாரணை. இரண்டு விசாரணைகள் முடிந்துவிட்டன. இரண்டு முறையும் கோப்பில் எழுதப்பட்டது ஒரே வரி: 'விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை.'

இரண்டு முறையும் அவர்கள் வந்திருந்தார்கள். விசாரணை அறைக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில், காலையிலிருந்து கதவைப் பூட்டும்வரை, பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்களும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

இன்று மூன்றாவது. இதுவே கடைசி. அதனால்தான் மருமகளை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். கரையிலேயே வாய் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதினொரு பேரை மந்தமானவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கரையில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வீட்டில் ஒன்று குறைந்தால் காலிப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிடுவார்கள். அந்த வழியே போகிறவர் பார்ப்பார். தன்னிடம் இருப்பதைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். நன்றி சொல்வதும் இல்லை. யார் போட்டது என்று விசாரிப்பதும் இல்லை. வைத்த பாத்திரம் மறுநாளும் காலியாகவே இருந்தால் அது வைத்தவருக்கு அவமானம் இல்லை, பார்த்தும் பாராமல் போனவர்களுக்கு அவமானம். வாயைத் திறந்து கேட்பது என்பது எதிரில் இருப்பவரைப் பார்த்து 'உனக்குக் கண் இல்லை' என்று சொல்வதற்குச் சமம்.

மருமகள் நகரத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா கரையை விட்டு வந்து, ஒரு துணி ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே இவளைப் பெற்றாள். மொழியைக் கொடுத்தாள், வழக்கத்தைக் கொடுக்க நேரமில்லை. கல்யாணமாகிப் போன மூன்றாம் நாள் இவள் பக்கத்து வீட்டில் போய், "கொஞ்சம் எண்ணெய் இருக்குமா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். ஏழு வருடம் ஆகிறது. மாமியார் இன்னும் அதை ஆறவிடவில்லை.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் அத்தை" என்று ஒருமுறை இவள் சொன்னாள்.

"அழவிட்டு அப்புறம் பால் கொடுக்கறவ தாயாடி?"

மருமகள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அடிக்குறிப்புக்குப் போகிறேன்.*

* இந்த மாமியாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவள் வாயில் வருவதெல்லாம் கல்வெட்டில் பொறிக்கிற மாதிரி இருக்கிறது. நசுக்கப்பட்டவர்களை எழுதும்போது நம் கை தானாகவே அவர்களைப் புனிதமாக்கிவிடுகிறது. அதுவும் ஒருவகையில் அவர்களைப் பார்க்காமல் இருப்பதுதான். ஆகவே சொல்கிறேன்: அவள் ஊர்வம்பு பேசுவாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் யார் எவ்வளவு குறைவாகப் போட்டார்கள் என்று கணக்காகத் தெரியும் அவளுக்கு. எண்ணெய் விஷயத்தைக் கரை முழுக்கப் பரப்பியதும் அவள்தான்; பரப்பும்போது மகிழ்ச்சியாகவே இருந்தாள்.

5

விசாரணை அறையில் கண்ணாடி போட்ட மேஜை, நான்கு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை நான்காக மடித்துக் கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பக்கத்துச் சின்ன மேஜையில் தட்டச்சுக்காரர். வாசலில் காவலாளி.

அதிகாரி கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டவர் என்றால் கதை சுலபமாகிவிடும். மாமியாரை உட்காரச் சொன்னார். மற்ற நால்வருக்கும் பெஞ்சைக் கொண்டுவரச் சொன்னார். அச்சடித்த தாளிலிருந்து கேள்விகளை நிதானமாகப் படித்தார்.

"எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?"

மருமகள் மொழிபெயர்த்தாள். மாமியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்: "ஏரிக்கு என்ன வயசோ, அத்தனை வருஷமா."

"வருஷம்னு ஒரு எண் வேணும்" என்றார் தட்டச்சுக்காரர்.

"நினைவுக்கெட்டாத காலம்னு போடுங்க" என்றார் அதிகாரி.

ஒன்பதாவது கேள்விக்கு வந்தார்கள். எல்லாம் அங்கேதான் இருந்தது. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத உரிமை தானாகவே காலாவதியாகும்.

"இத்தனை வருஷமா ஏன் விண்ணப்பம் கொடுக்கல?"

"வருஷா வருஷம் கொடுத்தோமே" என்றாள் மாமியார்.

மருமகள் உடனே மொழிபெயர்க்கவில்லை. இது அவளுக்கே புதிது. "என்ன அத்தை சொல்றீங்க?"

"சொன்னதைச் சொல்லுடி."

சொன்னாள். அதிகாரி கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். "யார்கிட்ட கொடுத்தீங்க?"

"உங்க படியில வச்சோம்."

"எதை?"

"பாத்திரத்தை."

தட்டச்சுக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மருமகளுக்குக் காது சூடாகியது. மாமியார் எதையும் கவனிக்காதவள்போலத் தொடர்ந்தாள். சட்டம் வந்துவிட்டது, ஏரிக்கரையில் இருப்பவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று முதல் வருடம் யாரோ ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கரை கூடிப் பேசியது. அலுவலகப் படியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் பாத்திரத்தைக் காணோம். உள்ளே எடுத்துவிட்டார்கள், நல்ல சகுனம் என்று திரும்பினார்கள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடம் இன்னொரு வீட்டுப் பாத்திரம். அதற்கடுத்த வருடம் இன்னொன்று.

"பதில் வரலைன்னா யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் அதிகாரி.

மாமியார் அவரைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்த்தாள்.

"எப்படிச் சொல்றது? வச்ச பாத்திரத்தைப் பார்த்தும் நிரப்பலைன்னா அது யாருக்கு அசிங்கம்? இவ்வளவு பெரிய வீடு. இவ்வளவு பேர் வந்து போற இடம். வெளிய சொல்லி உங்களைத் தலைகுனிய வைக்கலாமா? எங்க வீட்டுச் சின்னதுங்ககிட்டகூட நாங்க மூச்சு விடல. உங்க மானத்தைப் பத்தொன்பது வருஷமாக் காப்பாத்தி வச்சிருக்கோம்."

மருமகள் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தாள். தட்டச்சு நின்றுவிட்டது. வாசலிலிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"ஐயா, அதெல்லாம் நம்ம ஸ்டோர் ரூம்லதான் இருக்கு."

6

காவலாளி அவற்றை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, இரண்டு நடையாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பத்தொன்பது பேர் கழற்றி வைத்துவிட்டுப் போன தொப்பிகள் போல – வேண்டாம், உவமையை எடுத்துவிடுகிறேன். பத்தொன்பது பாத்திரங்கள் மேஜையில் இருந்தன. எல்லாவற்றிலும் அட்டை. எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

கூடவே ஒரு பதிவேடு. நீண்ட வடிவம், துணி ஒட்டிய முதுகு. 'கண்டெடுத்த பொருள்கள்.' குடைகளுக்கும் செருப்புகளுக்கும் இடையே, ஆண்டுக்கு ஒரு வரி:

'அலுமினியப் பாத்திரம், ஒன்று. காலி. உரிமையாளர் வரவில்லை.'

தேதி, இடம், கண்டெடுத்தவர் பெயர், கையெழுத்து. காவலாளி முப்பது வருடமாக அங்கே இருக்கிறார். தூக்கி எறிய மனம் வராமல் எடுத்து வைத்தார். எடுத்து வைத்ததை நேர்மையாக எழுதியும் வைத்தார். அரசு அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக விடுபடாமல் எழுதப்பட்ட ஒரே விண்ணப்பம் அவருடைய கையெழுத்தில் இருந்தது.

அதிகாரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பதினான்காவதில், 'ஜெராக்ஸ் கடை' என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடையதுதான். ஐந்து வருடங்களுக்கு முன்பு, கடையில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலையில் எதிரே படியில் ஒரு பாத்திரம் இருப்பதைப் பார்த்தாள். யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தாள். நாய் நக்கிவிடும் முன் எடுத்துக்கொண்டுபோய்க் காவலாளியிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். நல்ல காரியம் செய்த நிறைவோடு வந்து இயந்திரத்தைப் போட்டாள்.

[இந்த வரி முதல் இரண்டு வரைவுகளில் இல்லை. மூன்றாவதில் தானாக வந்தது. வந்த பிறகு இரண்டு நாள் எழுதவில்லை. சின்ன உபகாரங்களால் உலகம் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவருக்கு இது நல்ல பாடம். அவள் செய்தது உபகாரம்தான். காவலாளி செய்ததும் உபகாரம்தான். இரண்டும் சேர்ந்து, அதிகாரி மிதித்து ஏறவேண்டிய படியிலிருந்து அந்தப் பாத்திரத்தை அகற்றிவிட்டன. அப்படியானால் உபகாரம் செய்யக்கூடாதா? செய்யலாம். இது யாருடையது, இங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுச் செய்திருக்கலாம். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.]

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் மாமியார்.

தன் குற்றத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை. மருமகள் மொழிபெயர்த்தாள்.

மாமியார் பாத்திரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, விளிம்பு நெளிந்த ஒன்றை எடுத்தாள்.

"அந்த வருஷம் நம்ம வீட்டு முறை. இது நம்ம வீட்டுப் பாத்திரம்டி. ரெண்டு வருஷம் இதுல சாப்பிட்டிருக்க. அடையாளம் தெரியலையா உனக்கு?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு அத்தை…"

"அதையேதான் இவங்களும் நம்மளைப் பார்த்துச் சொல்றாங்க."

7

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார். பிறகு சொன்னார்:

"பாத்திரத்தை விண்ணப்பம்னு நான் எழுத முடியாது. மேல அனுப்பினா சிரிப்பாங்க. ஆனா வாய்மொழி விண்ணப்பம்னு ஒரு விதி இருக்கு. எழுதத் தெரியாதவங்க வாயால கேட்டாப் பதிவு பண்ணிக்கலாம். இந்தம்மா இப்போ ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். 'எங்களை ஆதிக்குடின்னு அங்கீகரிக்கணும்னு கேட்டுக்கறோம்.' அவ்வளவுதான். இந்தப் பதிவேட்டை அதோட இணைச்சு, முதல் பாத்திரத்தோட தேதியிலிருந்தே கோரிக்கை இருந்ததுன்னு நான் குறிப்பு எழுதறேன். அதுக்கு மேல என்ன ஆகும்னு சொல்ல முடியாது. ஆனா இது இல்லாம ஒண்ணுமே ஆகாது."

மருமகள் அவசரமாக மொழிபெயர்த்தாள்.

"மாட்டேன்" என்றாள் மாமியார்.

"ஒரு வாக்கியம்தான் அத்தை."

"பாத்திரம் மேஜை மேல இருக்கு. அவருக்குக் கண்ணும் இருக்கு. இதுக்கு மேல நான் வாயைத் திறந்தா அவரைக் குருடன்னு சொன்னதாகும். ஜலதோஷத்தோட உக்காந்து இவ்வளவு பொறுமையாக் கேக்கற மனுஷனை நான் அப்படிச் சொல்லமாட்டேன்."

"வீடு போயிடும் அத்தை. நாப்பத்துமூணு வீடும்."

"தெரியும்." கையிலிருந்த நெளிந்த பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். "கேட்டு வாங்கினா அது எங்களுக்கு வந்ததா இருக்காதுடி. வேற யாருக்கோ வந்ததா இருக்கும்."

பெஞ்சில் இருந்த நால்வரும் தலையசைத்தார்கள். அதிகாரி மருமகளின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். "என்ன சொல்றாங்க?"

இந்த இடத்தில் நான் மூன்று முறை கதையை முடித்தேன்.

முதல் முடிவு. மருமகள் அதிகாரியின் பக்கம் திரும்பி, 'கேட்டுக்கறாங்க' என்கிறாள். ஒரே சொல். அறையில் கரை மொழி தெரிந்த அதிகாரி யாரும் இல்லை. தட்டச்சு நடக்கிறது. வீடுகள் பிழைக்கின்றன. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் படித்துப் பார்த்தேன். ஊரே சேர்ந்து வாயை அடைத்து வைத்திருந்தவர்களின் வாயில், அவர்கள் வீட்டுப் பெண்ணே வந்து வேறொரு சொல்லைத் திணித்திருந்தாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது. 'மாட்டேங்கறாங்க' என்கிறாள். கோப்பு மூடப்படுகிறது. லாரிகள் வருகின்றன, பாய்களும் பானைகளும் ஏறுகின்றன. எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. கண்ணீர் இனித்தது. அதனால் சந்தேகப்பட்டேன். அடுத்தவர் வீடு இடிவதை எழுதும்போது இனித்தால் எங்கோ தப்பு நடக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதிகாரி ஒன்றும் பேசாமல் எழுந்து, நெளிந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து மாமியாரின் முன்னால் வைக்கிறார். என் நம்பிக்கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மூன்று தடவை நகாசு செய்தேன். ஆனால் தண்ணீர் வைத்தால் வேலி நின்றுவிடுமா? கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கனிவை வைத்து ஏமாற்றக்கூடாது. அதையும் விட்டேன்.

மிஞ்சியது, நான் யோசிக்காத ஒன்று.

8

"அவங்க கேக்கமாட்டாங்க" என்றாள் மருமகள், அலுவலக மொழியில். "நான் கேக்கறேன்."

"நீங்க மொழிபெயர்க்க வந்தவங்க."

"நானும் அந்தக் கரைதான். எங்கம்மா பிறந்தது அங்க. என்னைக் கட்டிக் கொடுத்தது அங்க. எங்களை ஆதிக்குடின்னு அங்கீகரிக்கணும்னு நான் கேட்டுக்கறேன். எழுதிக்கங்க."

தட்டச்சுக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அச்சடித்த தாளைப் பார்த்தார். அதில் அதற்கும் ஒரு கேள்வி இருந்தது. பதினான்காவது.

"சமூகத்தின் மூத்தவர் இவரைத் தம்மவர் என்று ஏற்கிறாரா?" என்று படித்துவிட்டுக் கையை விரித்தார். "உங்க ஆளுங்க வாய்விட்டுக் கேக்கமாட்டாங்கன்னு இப்போதான் சொன்னீங்க. நீங்க கேக்கறீங்க. அப்போ நீங்க அவங்க ஆளான்னு நான் கேட்டாகணும். அவங்ககிட்ட கேளுங்க."

மருமகள் மாமியாரின் பக்கம் திரும்பினாள். ஏழு வருட எண்ணெய்க் கதை. மேஜையில் விளிம்பு நெளிந்த பாத்திரம். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அத்தை, நீங்க மாட்டேன்னதால நானே கேட்டுட்டேன். எங்களை அங்கீகரிங்கன்னு. என் வாயால."

மாமியார் நெளிந்த பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்போ… நான் உங்க ஆளான்னு கேக்கறார்."

"யார் கேக்கறா?"

"அவர்தான். நானும்தான்."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெட்கமா இல்லையா உனக்கு?"

"இருக்கு அத்தை."

"இருந்தும் கேட்டியா?"

"கேட்டுட்டேன்."

மின்விசிறி கோப்பின் ஓரங்களைப் படபடக்க வைத்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"எங்களுக்கு வந்திருக்க வேண்டிய வெட்கத்தை எல்லாம் இவ ஒருத்தி தலையில வாரிப் போட்டுக்கிட்டா" என்றாள், அதிகாரியைப் பார்த்து, அவருக்குப் புரியாத மொழியில். "வீட்டு ஆளா இல்லாதவ எவளாவது அதைச் சுமப்பாளா? எழுதிக்கச் சொல்லு." பிறகு மருமகளிடம் திரும்பி, "வாய் ஜாஸ்தின்னும் எழுதிக்கச் சொல்லு."

மருமகள் கடைசி வாக்கியத்தையும் விடாமல் மொழிபெயர்த்தாள். தட்டச்சுக்காரர் அதையும் சேர்த்தே அடித்தார், கோப்பில் இருக்கிறது.

[இதற்குப் பிறகு மாமியார், வாழ்க்கையில் முதல்முறையாக, மருமகளிடம் வாய்விட்டுத் தண்ணீர் கேட்பதாக ஒரு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் கேட்கமாட்டாள்.]

9

மாமியாரின் பதிலை எழுதும்போது எனக்குத் தயக்கம் வரவில்லை. ஒரு வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி என் நம்பிக்கை இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.

அதிகாரியின் ஆணை வேறு. மருமகள் கேட்டதைப் பதிவேட்டின் முதல் தேதியோடு அவர் இணைக்கலாம். இவள் கேட்டது இன்றைக்குத்தானே, பத்தொன்பது வருடம் தாமதம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் விதி இருக்கிறது. இரண்டு ஆணைகளையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நம்பும்படியாகவே இருந்தன. அங்கீகரித்ததாக முடித்தால் நீங்கள் மனம் நிறைந்து புத்தகத்தை மூடுவீர்கள். இப்போதும் எங்கோ ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. மறுத்ததாக முடித்தால் இதெல்லாம் இப்படித்தான் என்று பெருமூச்சு விடுவீர்கள். அதிலும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. உத்தரவு போடும் உரிமை எனக்கு இல்லை. அந்த நாற்காலியில் ஒருநாள் உட்காரப்போகிறவர், அல்லது உட்கார்ந்திருப்பவருக்கு உறவுக்காரர், உங்களில் ஒருவராவது இருக்கலாம். அதனால் எனக்குத் தெரிந்தவரை மட்டும் எழுதி, எழுந்துகொள்கிறேன்.

காவலாளி பாத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்தார். "இருக்கட்டும்" என்றார் அதிகாரி. கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். ஐந்து பேரும் மருமகளும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'விசாரணையில் கண்ட முடிவு' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே,